பாஸ்கல் பூசிய செவப்புத் தரை

எங்க வூட்டுக்காரரு பேரு பாஸ்கல். ராயபுரத்து ஆளு. ஹார்பர்ல லான்ச்சு, பார்ஜுன்னு படகுங்களக் கரையேத்துனா, அதுக்கு அடியில மல்லாந்து படுத்துகினு ஒட்டியிருக்கற சிப்பிய சொரண்டுவாரு. மறுபடி ஒட்டாம இருக்க செவப்பு பெயிண்ட் பூசுவாரு. வாயத் தொறந்து பேசமாட்டாரு. ரெண்டு பேருக்கும் சேத்து நானே கத்திடுவேன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் எங்க பாப்பா தவழ ஆரம்பிச்சா. மொதக் கொழந்தைய மூணாம் மாசத்துலயே பறிகொடுத்தவ நான். எதப் பாத்தாலும் பயம். அடுப்பாண்ட ஒக்காந்தா முன்ரூம்ல அவ இன்னா பண்றான்னு தெரியாது. ஒரு நாளு எட்டிப் பாத்தா, தண்ணித் தவலைக்குள்ள தலைய வுட்டுகினு கீறா! அன்னிக்கே சொல்லிட்டேன்.

"யோவ், நடுச்செவுத்த இடி. மொத்த வூடும் ஒரே கூடமா இருக்கணும். சோறு வடிச்சுகினே எனக்கு எம்பொண்ணு தெரியணும்."

இடிச்சாரு. ஓடு எறங்கிடுமோன்னு நாலு நாளு ஜெபமாலையும் கையுமா கெடந்தேன். எறங்கல. அப்புறம் கலர் சண்ட. அவருக்கு கப்பல் கேபின் மாதிரி பச்ச வேணுமாம். "பச்ச அடிச்சா பகல்லயே இருட்டிகினு வரும், மூலையில பாப்பா இருந்தா தெரியுமா? மஞ்ச அடி"ன்னேன். சுண்ணாம்புல மஞ்ச கலந்து அடிச்சாரு. கூடம் பளிச்சுன்னு ஆயிடுச்சு.

தரைதான் பாக்கி. சொரசொரன்னு பழைய சிமெண்ட்டு, தவழ்ந்து தவழ்ந்து பாப்பா முட்டியெல்லாம் சிராய்ப்பு. பெரிய வூடுங்கள்ல இருக்கற மாதிரி வழவழன்னு செவப்புத் தரை வேணும்னு நச்சரிச்சேன். சனிக்கெழம வேலையில மிச்சமான பெயிண்ட் அரை டின்னு கொண்டாந்தாரு. "வருஷக்கணக்கா உப்புத் தண்ணியில கெடந்தாலும் இது போவாது ஹில்டா"ன்னாரு. மூல முடுக்கு வுடாம பூசச் சொல்லி பக்கத்துலயே நின்னேன். கண்ணு பட்டுடும்போல இருந்துச்சு. எறும்பு கூட வரலன்னு பக்கத்து வூட்டு கன்னியம்மா கிட்ட பீத்திகினேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம அவரு மேஸ்திரி தண்டபாணிய சாப்பிடக் கூப்புட்டோம். பாயசம் ஊத்தும்போது கொஞ்சம் கீழ சிந்திடுச்சு. பாப்பா தவழ்ந்து வந்து தரைய நக்கினா. நாங்க சிரிச்சோம். மேஸ்திரி சிரிக்கல.

"டேய் பாஸ்கலு, இது எந்த டின்னுடா?"

"படகு அடிக்கு பூசறது மேஸ்திரி."

"பாவி! சிப்பி சாவறதுக்குன்னே அதுல வெஷம் போட்டு வருதுடா!"

ஐயோ மாதாவே! எறும்பு ஏன் வரலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. பாப்பா வாய்க்குள்ள வெரல வுட்டேன், வாந்தி எடுத்தா. தூக்கிகினு ஓடினோம். ரிக்‌ஷாவுல அவ தலை எந்தோள்ல தொய்ஞ்சு கெடந்துச்சு. மூச்சு வருதான்னு மூக்காண்ட கைய வெச்சு வெச்சுப் பாத்தேன். ரெண்டாவதையும் நானே கொன்னுட்டேன்னு மனசு அடிச்சுகிச்சு. அவரு ரிக்‌ஷா பின்னாடியே வெறுங்கால்ல ஓடியாந்தாரு.

ஆஸ்பத்திரியில டாக்டரு கொழா வுட்டு வயித்தக் கழுவினாரு. அந்தச் சத்தத்தக் கேக்க முடியாம காதப் பொத்திகினேன். சாயந்தரம் பாப்பா கண்ணத் தொறந்து பாலுக்கு அழுதா. "நல்லா காஞ்ச பெயிண்ட்டு, வயித்துக்குள்ள போனதும் கம்மி. பொழச்சுகிச்சு"ன்னாரு டாக்டரு. நான் அவரு கால்ல வுழுந்துட்டேன்.

அப்பதான் டாக்டரு எங்க வூட்டுக்காரரப் பாத்து கேட்டாரு: "இத நீ எத்தினி வருஷமா பூசற?"

"பன்னெண்டு வருஷமா சார்."

"மல்லாக்கப் படுத்துகினா? மூஞ்சியில சொட்டுமே?"

"சொட்டும் சார். தொடச்சுக்குவேன்."

டாக்டரு அவரக் கிட்ட கூப்புட்டாரு. ஒதட்டப் பிரிச்சு ஈறப் பாத்தாரு. கைய நீட்டச் சொன்னாரு. நீட்டுன கை ஆடிச்சு. ஓடியாந்த களைப்புன்னு நெனச்சேன். டாக்டரு அப்படி நெனக்கல. "வேற வேல தேடிக்கோ"ன்னு மட்டும் சொன்னாரு.

தரைய மறுநாளே கொத்தி எடுத்துட்டோம். பாப்பா வெறும் மண்ணுல தவழ்ந்தா.

அவரு புதன்கெழம காலையில அதே பெயிண்ட் வேலைக்குக் கெளம்பினாரு. வேற வேல எவன் குடுப்பான்? ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறவ, அன்னிக்கு வாயத் தொறக்கல. தூக்குச்சட்டியில சோத்தக் கட்டி நானே அவரு கையில குடுத்தேன்.