பெல்ட்டில் தெறித்த ஆசிட்

போன மாதம் கடத்தூரில் எங்கள் மூன்று மாடி வீட்டுக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர் ரஃபீக் பாய் கயிற்றில் தொங்கி வேலை செய்பவர். மாலையில் தன் சேஃப்டி பெல்ட்டை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் காலை, அங்கே பாசி தேய்க்க ஆசிட் ஊற்றினேன். அது பெல்ட்டின் தோளில் மாட்டும் நைலான் பட்டையில் தெறித்தது. உடனே கழுவிக் காயவைத்தேன். கறைகூட இல்லை.

நைலானை ஆசிட் அரிக்கும் என்று வருடக்கணக்கில் வேதியியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும், அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பாய் வந்ததும் மாடியிலேயே எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினேன்.

பிறகு அவர் பெல்ட்டை எடுத்து ஒவ்வொரு பட்டையாக விரலால் தடவிப் பார்த்தார்.

“கழுவுனீங்களா சார்? புதுமாப்பிள்ளை கணக்கா இருக்குது” என்று சிரித்தபடி மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

“இறங்காதீங்க பாய். அதுல ஆசிட் பட்டுடுச்சுங்க. நான்தான் ஊத்துனேன்.”

காலைக் கீழே வைத்தார். திட்டவில்லை.

“டீ குடிக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே, சார்” என்றார்.

வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று பெல்ட்டைக் கத்தியால் இரண்டாக வெட்டிப்போட்டார். மறுநாள் தருமபுரிக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தேன். அதன்பிறகுதான் வேலை தொடர்ந்தது.

பழைய பெல்ட் அவரைத் தாங்கியிருக்குமா, அறுந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அப்போது அவருக்கும் தெரிந்திருக்காது. இப்போதெல்லாம் தவறு செய்தால், முதலில் சொல்லிவிட்டுத்தான் டீயைக் கையில் எடுக்கிறேன்.