இறுக்கிப் பின்னிய பாண்

என் கையெழுத்து சேற்றில் நண்டு ஓடியதுபோல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. சின்ன ரகரமா பெரிய றகரமா என்று இன்றும் பேனையைப் பிடித்தபடி யோசிப்பேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகளிடம் கொடுத்தால் திருத்தித் தருவாள். ஆனால் இதில் அவளும் வருகிறாள். அவள் வாசிப்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீடு பெரியகல்லாற்றில், வாவிக்கரைப் பக்கம். நான் வலைத்தொழில் செய்கிறவன். என் மனைவி இஸ்ரேலுக்கு, ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலைக்குப் போனபோது மகளுக்குப் பாற்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள். இடையில் மனைவி இரண்டொரு தடவை விடுமுறையில் வந்து போனதைத் தவிர, நாங்கள் அவளைப் பார்த்ததெல்லாம் போனில்தான்.

சென்ற வருடம் அந்த அம்மா காலமானார். மனைவி பெட்டிகளோடு வந்து இறங்கினாள். வந்த களைப்புத் தீரும் முன்பே அந்தக் குடும்பம் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. அவர்களுடைய உறவுக்காரப் பெரியவர் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டாராம். தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார்களாம். கொழும்பு முகவர் அடிக்கடி போன் எடுத்து முடிவைக் கேட்பார். "யோசிச்சுச் சொல்றன்" என்பாள்.

அவள் போகக்கூடாது என்று என் மனம் கிடந்து அடித்தது. அங்கே சண்டை நடந்த நாட்களில் அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியோடு பதுங்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடியதை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டும் "போகாதே" என்று என் வாயில் வரவில்லை. நாங்கள் படுத்தெழும்பும் கல்வீடு அவளுடைய உழைப்பு. மகளின் படிப்பும் அவளுடைய உழைப்பு. என் வலையில் வருவது கறிக்கும் அரிசிக்கும் போதும். அப்படிப்பட்டவன் எந்த முகத்தோடு ஒரு உழைப்பாளியை நிற்கச் சொல்வது?

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் கோதுமை மாவை அரித்துக்கொண்டிருந்தாள். அரிதட்டு எங்கே, உப்புப் போத்தல் எங்கே என்று ஒவ்வொன்றையும் என்னிடம்தான் கேட்டாள். தன் குசினியில் அவள் விருந்தாளி மாதிரி நின்றாள். நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து வளவில் இருக்கும் என் அக்கா வேலியில் ஆள் நுழையும் கடப்பால் வந்தாள். அவள் எப்போதும் நல்ல நேரம் பார்த்துத்தான் வருவாள்.

"என்னகா மச்சாள், வெள்ளிக்கிழமையும் அதுவுமா முட்ட உடைக்கிறாய்?"

மனைவியின் கை கோப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். முட்டையும் சேர்ப்பதில்லை. அவள் அதை மறந்துவிட்டாள். அவள் முட்டையை எடுத்தபோதே நான் கண்டேன். சொன்னால் மனம் நோவாள் என்று பேசாமல் இருந்தேன். அதனால் அவள் அதை அக்காவின் வாயால் கேட்க வேண்டியதாயிற்று.

"மறந்துபோனன் மச்சாள்" என்றாள் சின்னக் குரலில்.

"உடைச்சது உடைச்சாச்சு மாமி. அந்தப் பாவத்த நானே தின்னுறன்" என்றாள் மகள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் புத்தகத்தோடு வாசற்படியில் இருந்தாள்.

"உனக்கு வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு. இது என்ன, கேக்கா?"

"பாண்" என்றாள் மனைவி.

"பாண்கார ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வருது. அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

"இது வேற பாண் மச்சாள். ஹல்லா எண்டு சொல்லுவாங்க. அந்தச் சனம் வெள்ளிக்கிழம பொழுதுபடக்குள்ள மெழுகுதிரி கொளுத்தி, இதுக்கு மேல ஒரு வடிவான துணியப் போட்டு மூடி வெச்சுக் கும்பிடுவாங்க. மறுகாதான் பிச்சுத் தின்னுவாங்க. அவங்கட நல்லநாள் பெருநாளுக்கும் இதுதான். அந்த அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கின பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் செஞ்ச."

மாவில் சீனி, உப்பு, எண்ணெய், ஈஸ்ட், முட்டை எல்லாம் போட்டுக் குழைத்தாள். பலகையில் மாவை வைத்து உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளினாள். குழைத்து முடிந்ததும் மாவு ஒரு குழந்தையின் கன்னம்போல இருந்தது. மூடி வைத்தோம். மத்தியானத்துக்குப் பிறகு பார்த்தால் சட்டியின் விளிம்புவரை பொங்கியிருந்தது. அதைப் பிரித்து நீளமாக உருட்டி மூன்று திரிகளாக வைத்தாள். அதோடு வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்த அம்மாவைத் தூக்கித் தூக்கி அந்தக் கை பழுதாகியிருந்தது.

"மகள், நீ பின்னு. தல பின்னுற மாதிரித்தான்."

"எனக்குப் பின்னத் தெரியாதம்மா."

"உன்ட தலைய நீதானே பின்னுறாய்?"

"இல்ல. அப்பாதான் பின்னிவிடுறவர்."

நான் எழும்பி வெளியே போகப் பார்த்தேன். குசினி வாசலை அக்கா அடைத்துக்கொண்டு நின்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். போனில் மகளைக் காணும்போதெல்லாம் "மச்சாள் எவ்வளவு வடிவாப் பின்னிவிட்டிருக்கா" என்பாள். நான் "ஓம்" என்றுவிடுவேன். விடுமுறையில் வந்து நின்ற நாட்களில் அவளே பின்னிவிட்டதால் அது வெளியே வரவில்லை. பிள்ளையின் தலையைப் பார்க்கிறவள் என்று அக்காவுக்கு ஒரு சேலையும் பார்சலில் அனுப்பியிருந்தாள்.

"நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் அக்கா. "நீ சீல அனுப்பினாய், நான் உடுத்தன். தம்பியும் வாயத் திறக்கல்ல."

உண்மைதான். தொடக்கத்தில் அக்காதான் பின்னிவிட்டாள். ஆனால் சீப்பை எடுத்தவுடன் "தாயக் காணாத புள்ள" என்று தொடங்குவாள். பிள்ளை அழுதுகொண்டு பள்ளிக்கூடம் போவாள். அதனால் நான் கற்றுக்கொண்டேன். தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் பின்னுவேன். ஒரு நாள் இறால் வாங்க வந்தவர்கள் கண்டுவிட்டு, "ஐயா சலூன் துறந்திட்டாரோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யன்னலையும் சாத்தினேன். இரட்டைப் பின்னல் குலைந்தால் பள்ளிக்கூடத்தில் பேச்சு விழும். அதனால் வலைக்கயிறு முறுக்குகிறவன் கையால் இறுக்கி இறுக்கிப் பின்னுவேன். எண்ணெய் வைத்த தலை மாலைவரை ஒரு மயிர் அசையாது.

மனைவி சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே பின்னுங்க" என்றாள். அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. முகவர். அவள் முருங்கை மரத்தடிக்குப் போனாள்.

நான் பலகைக்கு முன்னால் குந்தினேன். கை பழகிய வேலைதான். ஆனால் என் காது வெளியே இருந்தது. "ஓம்... விளங்குது... திங்கக்கிழம கட்டாயம் முடிவு சொல்றன்" என்று கேட்டது. நான் திரியை இழுத்தேன். ஒன்றுக்கு மேல் ஒன்றைப் போட்டு, இழுத்து, இறுக்கினேன்.

"அப்பா, அது என்ட தலையில்ல" என்றாள் மகள்.

நான் விடவில்லை. முடிவில் அது அசல் பள்ளிக்கூடப் பின்னல் மாதிரியே இருந்தது. மனைவி வந்து மேலே முட்டை பூசி எள்ளுத் தூவினாள்.

"எள்ளா? ஆருக்குத் திவசம்?" என்று அக்கா கேட்டாள்.

"அந்த அம்மாவுக்கு எண்டு வெச்சுக்கொள்ளுங்க மச்சாள்" என்றாள் மனைவி. அக்கா பலகையில் சிந்திய எள்ளை விரலால் கூட்டி எடுத்தாள்.

வேகும் வாசம் வீடெல்லாம் நிறைந்தது. ஓவனைத் திறந்தால், பாண் இரண்டு பக்கமும் வெடித்துப் பிளந்து, உள்மாவு பிதுங்கிக் கிடந்தது.

"தம்பி, உன்ட பாண் கொட்டாவி விடுது" என்றாள் அக்கா.

"இறுக்கிப்போட்டீங்க" என்றாள் மனைவி. "இது தளர்வாப் பின்னவேணும். உள்ளுக்குப் பொங்குறதுக்கு இடம் விடவேணும். நானும் முதல் நாள் இப்பிடித்தான் செஞ்ச. அந்த அம்மா ஒண்டும் சொல்லாமத் தின்னவ."

அவள் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் காது இரண்டும் சுட்டன. முட்டை பட்டதைச் சாப்பிடமாட்டேன் என்றும், நாளைக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கும்படியும் சொல்லிவிட்டு அக்கா போனாள். நாங்கள் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். மனைவி ஒரு வெள்ளைத் துணியால் பாணை மூடினாள். திறக்கவில்லை. துணியில் கையை வைத்தபடி என்னிடம் கேட்டாள்:

"இஞ்சேருங்க, திங்கக்கிழம நான் என்ன சொல்ல? போகவா, நிக்கவா?"

"உன்ட விருப்பம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழும்பி, மாக்குழைத்த சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் தாங்க முடியாது. "அப்பா, அம்மா உங்களிட்ட விருப்பம் கேட்டவ. நீங்க என்ன, சபையில எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாத ஆள் மாதிரிக் கதைக்கிறீங்க?"

பெற்ற பிள்ளையிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் நான் எழும்பினேன். கிணற்றடியில் அவள் குனிந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, "நீ நில்லு புள்ள" என்றேன். தண்ணீர் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"என்ன?"

"நில்லு எண்டன்."

"கேக்கல்ல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"போகாத! இஞ்சயே நில்லு!"

நான் கத்தியதும் மகள் மோட்டாரை நிற்பாட்டியதும் ஒன்றாகவே நடந்தன. என் குரல் வளவெல்லாம் போயிற்று. அக்கா வீட்டு வேலிக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. வாவியில் தோணி வலித்துக்கொண்டு போனவர் துடுப்பை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். கிணற்றுக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

மனைவி நிமிர்ந்தாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"முதல்தரம் போகக்குள்ளயும் இதத்தான் கேட்டனான். நினைவிருக்கா? இதே கிணத்தடியிலதான். அண்டைக்கும் உன்ட விருப்பம் எண்டுதான் சொன்னீங்க. நில்லெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பன்."

எனக்கு நினைவிருந்தது. அவளைத் தடுக்காமல் விடுவதுதான் மரியாதை என்று அன்று நினைத்தேன். இவ்வளவு காலமும் அதை என்னுடைய நல்ல குணம் என்றே நம்பியிருந்தேன். அவளுக்கோ அது, போனால் போ என்று கேட்டிருக்கிறது. அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டுதான் அவள் விமானம் ஏறியிருக்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குத் தலை பின்னிய ஒவ்வொரு காலையிலும் அவள் அங்கே வேறொருவரின் தாய்க்குத் தலை வாரியிருக்கிறாள்.

திங்கட்கிழமை முகவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன்.

அவள் நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல்தரம் ஏன் நில்லென்று சொல்லவில்லை என்பதற்கு நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பல தடவை, "நான் அண்டைக்கு..." என்று தொடங்கி, அவள் திரும்பிப் பார்த்ததும், "இறால் இப்ப மலிவு" என்று வேறு கதைக்குப் போயிருக்கிறேன். அவள் போகக்கூடாது என்று முதல்தரம் கேட்ட அன்றைக்கும்தான் நினைத்தேன். வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். அவள் கல்லடியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். பொழுதுபட வந்ததும் இந்தத் தாள்களை அவள் கையில் கொடுப்பேன்.

ஆனி மாதம் பதினோராம் திகதி, வியாழக்கிழமை.