உடையார்கட்டு ஒழுங்கையில் இரண்டு ஜீப்புகள்

மாரி முடிந்து தை பிறந்த கையோடு, வவுனியாவில் இருந்து உடையார்கட்டில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு இரண்டு சனிக்கிழமைகள் போய்வந்தோம். ஒரே வீதி, ஒரே வீடு, வாகனம்தான் வேறு. எங்கள் பழைய கார் கைவிட்டுவிட்டது. என் கணவருக்குப் பெரிய டீசல் ஜீப்பில் கண். எனக்கோ பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் ஜீப்பில். (எங்கள் பக்கத்தில் உயரமாய் இருந்தால் எல்லாம் ஜீப்தான், எஸ்யூவி என்று திருத்த வராதீர்கள்.) எங்கள் இழுபறியைப் பார்த்து அலுத்துப்போன கார் சேல் நடத்தும் நானா, "ரெண்டையும் கொண்டுபோய் ஓடிப் பாருங்கோ. அதுக்குப் பிறகு வந்து என்ர தலையை உடையுங்கோ" என்று திறப்பைத் தந்துவிட்டார்.

அக்கா வீட்டுக்கு ஏன் என்றால், வாகனமே அக்காவுக்காகத்தான். உடையார்கட்டில் தனியே இருக்கிறார். முழங்கால் வருத்தம், பஸ்ஸில் ஏறினால் குமட்டிச் சத்தி. ஒரே மகன் சுதன், ஹயருக்கு ஓடிய டீசல் வானை விற்றுவிட்டு பிரான்சுக்குப் போய் எட்டு வருடம். இன்னும் வதிவிட அனுமதி காட் கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் ஊருக்கு வரமுடியாது. அக்கா எங்களோடு வந்து நாலு நாள் இருக்கமாட்டாரா என்று எனக்கு ஏக்கம். எதில் அவர் சுகமாக ஏறுவாரோ, அதை வாங்குவது என்று முடிவு.

முதல் சனிக்கிழமை ஹைபிரிட். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கமாகவும் போகலாம். ஆனால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போக எனக்கு மனம் வராது. கற்பூரம் கொளுத்தி, அக்காவுக்குக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு கிளிநொச்சி தாண்டினோம். பரந்தன் சந்தியில் தேத்தண்ணியும் வடையும். அங்கே வலப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. முரசுமோட்டையில் இரண்டு பக்கமும் வயல், கதிர் தள்ளி நிற்கிறது. கண்ணாடியை இறக்கினால் வயல் மணம்தான் வருகிறது, புகை மணம் இல்லை. நான் இவரை ஒரு பார்வை பார்த்தேன். இவர் வயலைப் பார்த்தார்.

அக்கா வீட்டு ஒழுங்கை கிரவல் பாதை, மழைக்குப் பிறகு குண்டும் குழியும். ஒரு இடத்தில் அடிப்பக்கம் உரஞ்சியது. ஆனாலும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் வாசல் படலையில் நின்றோம். ஒருவரும் வரவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றபோது அக்கா துள்ளி எழும்பினார்.

"என்னடி, கள்ளர் மாதிரி வந்து நிக்கிறாய்?"

ஏற்றிக்கொண்டு விசுவமடு வரை ஓடினோம். சந்தியில் வாகனம் நிற்க, எஞ்சின் தானாக ஓய்ந்தது. அக்கா பதறிவிட்டார். "நிண்டு போச்சு! தம்பி, இறங்கித் தள்ளுங்கோ!" இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அக்காவுக்குச் சத்தியும் வரவில்லை, ஏற இறங்கக் கஷ்டமும் இல்லை. நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டீசல் ஜீப். அக்காவுக்குச் சொல்லாமல் போனோம். ஆசனம் பெரிது, உள்ளே ஒரு குடும்பமே படுக்கலாம். எண்ணெய் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு குடித்தது. ஒழுங்கைக்குள் திரும்பி, கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு ஏறினோம். குழிகள் இருந்ததே தெரியவில்லை.

படலையில் அக்கா நின்றார். முழங்கால் வருத்தக்காரி எப்படி ஓடி வந்தாரோ தெரியாது. கையெல்லாம் புட்டு மா, மூச்சு வாங்குகிறது. எங்களைப் பார்க்கவில்லை; ஓட்டுகிற ஆசனத்தைத்தான் பார்த்தார். அங்கே இருந்தது நான்.

"நீயே..." என்றார். பிறகு சிரித்து, "வா, வா, புட்டு அவியுது" என்று விறுவிறென்று உள்ளே போய்விட்டார்.

சுதனின் வான் இதே சத்தத்தோடுதான் அந்த ஒழுங்கைக்குள் வரும். உள்ளே போய்ச் சாப்பிட இருந்தோம்.

"அக்கா, இது வேண்டாம். நான் சத்தமில்லாததையே வாங்கிறன்."

அக்கா விளங்கிக்கொண்டார். கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"விசரி. அவன் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? காட் கிடைச்சாத்தானே வருவான். தெரிஞ்சுகொண்டுதான் ஓடி வாறன். குசினியில இருந்து படலைக்கு வாற வரைக்கும் எண்டாலும் அவன்தானே வாறான். அதை ஏனடி நிப்பாட்டுறாய்?"

இவர் எழும்பிப்போய்க் கிணற்றடியில் நின்றார்.

இதே பயணத்துக்கு வாகனம் தேடுகிறவர்களுக்கு: வவுனியாவில் இருந்து ஏறத்தாழ நூற்றுப்பத்து கிலோமீற்றர், நின்று நின்று போனால் மூன்று மணித்தியாலம். பிரதான வீதியோடு நிற்பீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹைபிரிட் வாங்குங்கள். எண்ணெய் மிச்சம், சத்திக்காரருக்கும் சுகம். மாரியில் ஒழுங்கைகளுக்குள் இறங்குவீர்கள் என்றால் உயரமான டீசல் நல்லது. ஏறுவதற்குப் படி பூட்டச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும் குழிக்குள் ஆழம் பார்க்காமல் விடாதீர்கள்.

நாங்கள் டீசலை வாங்கினோம். படியும் பூட்டியாயிற்று. அக்கா இன்னும் எங்களோடு வந்து நிற்கவில்லை. அவன் வந்து படலை பூட்டியிருந்தால் என்று இழுக்கிறார். நானும் கேட்பதை விடவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள்தான் போகிறோம். அந்த ஒழுங்கைக்குள் திரும்பியதும் முதலாம் கியருக்கு மாற்றி, மெல்ல மெல்லத்தான் ஓட்டுகிறேன். குசினியில் இருந்து படலைக்கு வர அக்காவுக்கு நேரம் கொடுக்கவேண்டும்.