முன் அனுபவம் என்ற இடத்தில் எழுதியது

ஜெயிலுக்குப் போனவன் திருந்துவானா, இல்லை திருட்டில் இன்னும் தேறுவானா என்று என்னிடம் கேட்காதவர்கள் கோயமுத்தூரில் குறைவு. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபின், வாரம் ஒரு நாள் சிறைக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். அதுதான் காரணம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். பல் டாக்டர் என் வாயைத் திறக்கவைத்துக்கொண்டே கேட்பார். பதில் யாருக்கும் வேண்டாம். "அதெல்லாம் எங்கீங்க திருந்தறானுங்க" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பாவும் அம்மாவும் அங்குள்ள தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். முதல் தடவை அவன் உள்ளே போனது ஒரு சாக்குத் தேங்காய் திருடியதற்காக. அதை டவுன் பஸ்ஸில் ஏற்றி மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான் அவனுக்குத் திருடத் தெரிந்திருந்தது. உள்ளே பக்கத்தில் படுத்தவன் கிணற்று மோட்டார் கேபிள் அறுப்பதில் கைதேர்ந்தவன். கரண்ட் இருக்கிற ஒயரை எப்படித் தெரிந்துகொள்வது, தோலை உரித்துச் செம்பை எப்படி எடுப்பது, எந்தப் பழைய இரும்புக்கடையில் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டான். வாரம் ஒரு மணி நேரம் அ, ஆ சொல்லிக் கொடுக்க என்னைப் போல யாராவது அப்போதும் வந்திருப்பார்கள். மீதி நேரமெல்லாம் அந்தக் கேபிள்காரன் வகுப்பு. தேங்காய் திருடியவன் வெளியே வந்து ஆறு வருடம் கேபிள் அறுத்து, மறுபடி பிடிபட்டு, என் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது அவனே இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சாக்பீஸை உடைத்துப்போட்டேன்.

ஆனால் நன்றாகப் படித்தான். வேலை கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தேன். அனுப்புநர் விலாசம் இல்லாவிட்டால் அது மொட்டைக் கடிதம் என்று திட்டுவேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தை எல்லோரும் காலியாகவே விட்டார்கள். செய்த வேலையை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், மழுப்பினால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும் என்று கத்தினேன். கட்டட வேலை, தறி ஓட்டியது, லோடு ஏற்றியது என்று எழுதுவார்கள் என்பது என் நினைப்பு. அதை விளக்கிச் சொல்லவில்லை.

அவன் விடுதலையாகி இரண்டு மாதம் கழித்து, ஒரு ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. போன் செய்து, அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானாமே என்று கேட்டு வரச் சொன்னார். ஐந்து தோட்டத்துக்காரர்களுக்கு அவன் கடிதம் போட்டிருக்கிறான். அவர்களில் ஒருவர் கடிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. அதை என்னிடம் நீட்டினார்.

அனுப்புநர் இருந்தது, கதவு எண்ணோடு. பொருள்: தோட்டக் காவல் வேலை வேண்டி விண்ணப்பம். கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு. முன் அனுபவம்: மோட்டார் கேபிள் அறுத்தது, ஆறு ஆண்டுகள். தங்கள் தோட்டத்தில் இருமுறை. 'தென்புற வேலியில் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து உள்ளது. தங்கள் நாய் முறுக்கு போட்டால் குரைக்காது. இவற்றை அறிந்தவன் ஆதலால், காவலுக்கு ஏற்றவன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஓர் ஒற்றுப்பிழை கிடையாது.

"ஏனுங் டீச்சர், நீங்களே சொல்லுங்க," என்றார் தோட்டத்துக்காரர். "வேல குடுக்காட்டி மறுபடி வந்து அறுப்பேன்னு மெரட்டறானுங்களே?"

"வேல வேணும்னு கேட்டிருக்கறானுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

"எங்க நாயி முறுக்குத் திங்கறது எனக்கே தெரியாதுங்க," என்றார். அதுதான் அவரை ரொம்பவும் நோகடித்திருந்தது.

பெஞ்சின் ஓரத்தில் அவன் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். "டீச்சருங்க, தப்பா எழுதிப்போட்டனுங்களா?"

"நாயப் பத்தியெல்லாம் உன்னை எவன் எழுதச் சொன்னான்?"

"உள்ளத எழுதோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எஸ்.ஐ. சுற்றி வளைக்கவில்லை. "போன மாசம் அந்தப் பக்கம் ரெண்டு தோட்டத்துல கேபிள் போயிருக்குங்க டீச்சர். ஆளப் புடின்னு மேல இருந்து நச்சரிக்கறாங்க. இவன் பழைய திருட்ட அவன் கையெழுத்துலயே ஒத்துக்கிட்டிருக்கான். யாராச்சும் வேலைக்கு வெச்சுக்கறேன்னு எழுதிக் குடுங்க, உட்டுடறேன். இல்லைன்னா இந்தக் கேஸ்ல சேத்துருவேன்."

அந்தத் திருட்டை அவன் செய்திருப்பான் என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. செய்கிறவன் கதவு எண் போட்டுக் கடிதம் எழுதமாட்டான். அரை மணி நேரம் தோட்டத்துக்காரரோடு மல்லுக்கட்டினேன். "ஜெயிலுக்குப் போயும் திருந்தறதில்லைன்னு நீங்கதானுங்க சொல்றீங்க. ஒருத்தன் திருந்தி வந்து வேல கேட்டா போலீசக் கூப்பிடறீங்க. இதுக்கு என்னதானுங்க பண்றது?" என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இத்தன சொல்றீங்களே டீச்சர், நீங்களே வெச்சுக்கலாமுங்களே?" மரியாதையாகத்தான் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க," என்றேன்.

நாற்பது வருடக் குடித்தனத்தில் கணவரைக் கேட்டு நான் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட வாங்கியதில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். தோட்டத்துக்காரர் டம்ளரைப் பார்த்தார்.

"டீச்சருக்கு எங்கீங்க தோட்டம்?" என்று பெஞ்சிலிருந்து அவன் அவசரமாகச் சொன்னான். "அவங்க டவுனுக்குள்ள ஊட்டுல இருக்கறவங்க. அவங்களுக்குக் காவலுக்கு ஆளு எதுக்குங்க?"

கிணத்துக்கடவு போகிற வழியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. தென்னை, போர்வெல், போன வருடம் மாற்றிய புதுக் கேபிள். வகுப்பில் மாதிரிக் கடிதத்துக்கு ஏதாவது ஒரு விலாசம் வேண்டுமே என்று, பெறுநர் இடத்தில் என் பெயரோடு அந்தத் தோட்டத்து விலாசத்தைத்தான் போர்டில் எழுதிப் போடுவேன். கையெழுத்து திருந்தும்வரை அவன் அதை ஐம்பது தடவையாவது எழுதியிருப்பான். ஐந்து பேருக்கு விண்ணப்பம் போட்டவன் அந்த விலாசத்துக்கு மட்டும் போடவில்லை.

எஸ்.ஐ. ஒரு தாளை எடுத்து அவனிடம் பெயர், அப்பா பெயர், விலாசம் என்று கேட்க ஆரம்பித்தார். அவன் ஒவ்வொன்றையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னான். எனக்குத் தோட்டம் இருக்கிறது என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.