வெடிப்பில் வைத்த காந்தம்

கண்டிக்குக் கிட்ட, வத்தேகமப் பக்கம் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் மேடு செங்குத்தாக ஏறும். அதற்கு மேலே தேயிலை. ஒரு மழைக்காலத்தில் அந்த மேட்டின் குறுக்கே, கை நுழையும் அகலத்துக்கு நீளமாக வெடித்திருந்தது. பார்க்க வந்த அதிகாரிகள், "மழை கூடினா வீட்ட விட்டு எறங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு கூடினால் என்று சொல்லவில்லை. அதன்பிறகு கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்தாலே பின்கதவைத் திறந்து மேட்டைப் பார்ப்பேன்.

நான் நகரசபையில் கிளார்க். வீட்டில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டுவது வழக்கம். பழுதான கதவு அலாரம் ஒன்றிலிருந்து எடுத்த ரீட் சுவிட்ச் என்னிடம் கிடந்தது. தீக்குச்சிக்கு மேல் தடிப்பில்லாத கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்ட இருந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும்.

வெடிப்புக்கு மேலே ஒரு கட்டையும் கீழே ஒரு கட்டையும் அடித்து, ஒன்றில் சுவிட்சையும் மற்றதில் காந்தத்தையும் நேருக்கு நேர் வைத்தேன். குசினிக்கு வயர் இழுத்து, தகடுகள் பிரிந்தால் அடிக்கும்படி அடுப்புக்குப் பக்கத்தில் மணியைப் பொருத்தினேன். மண் ஒரு விரல் அகலம் நகர்ந்தால் மணி கத்தும்.

முதல் தடவை கத்தியபோது நாங்களும் பக்கத்து வீட்டாரும் வீதிக்கு ஓடினோம். பிறகு பார்த்தால், நாய் ஒன்று கட்டையில் உரசியிருந்தது.

இரண்டாம் தடவை ஒரு ஞாயிறு பின்னேரம், கொட்டும் மழையில். குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகப் பார்த்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கப் போகாதீங்க! எனக்குப் பயமா இருக்கு, வெளிய வாங்க!"

பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். நானா என்று நாங்கள் அண்ணன் முறையில் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருந்தவர், கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அண்டைக்கும் நாய்தானே தம்பி?"

"இண்டைக்கும் நாயா இருந்தா என்னைய ஏசுங்க. இப்ப எந்திரிங்க நானா!"

என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு, செருப்பில்லாமலே இறங்கினார்.

வீதி வளைவு தாண்டி நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. நனைந்தபடி எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் போவோமா என்று நானா வாயெடுத்தபோது மேலே மரங்கள் முறியும் சத்தம். மேடு அப்படியே சரிந்து வந்தது. எங்கள் குசினி போனது. அவர் உட்கார்ந்திருந்த அறையின் சுவரும் போனது.

நானா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது கண்டி டவுனில் சமதரையில் வாடகைக்கு இருக்கிறோம். ஆனாலும் மழை வலுத்தால் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். மனைவியும் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.