ஒரே ஊட்டுக்கு ரெண்டு தலை

போன வாரம் ஒண்டிக்கடைப் பக்கம் மானிய விதை கொடுத்தார்கள். தலைச்சோலையிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றோம்.

"விவசாயி யாரு?" என்றார் அதிகாரி. அம்மா கையைத் தூக்கினார். பட்டா யார் பெயரில் என்று அடுத்த கேள்வி. அப்பா பெயரில்.

"அப்ப அவர்தாம்மா விவசாயி. நீங்க தள்ளி நில்லுங்க."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் — அப்பா எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். எங்கள் விவசாயக் காட்டில் அவர் கால் படுவது பொங்கலுக்குத்தான். விதைப்பு, களை, அறுப்பு எல்லாம் அம்மா.

கேழ்வரகா, சாமையா என்று கேட்டார் அதிகாரி. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார்.

"சொல்லு புள்ள."

"எனக்கென்னங்க தெரியும்? விவசாயி நீங்கதானுங்களே."

அப்பா துணிந்து சாமை என்றார். அம்மா நினைத்திருந்தது கேழ்வரகு!

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. அன்று மாலை போனில் சட்டங்களைத் தேடிப் படித்தேன். முன்பெல்லாம் ரேஷன் கார்டிலும் அப்பாதான் தலைவர். பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, வீட்டின் மூத்த பெண்தான் தலைவி என்றது. கார்டில் அம்மா படம் ஏறியது. ஆனால் விவசாய உதவி? அது இன்னமும் பட்டாவில் உள்ள பெயரைத்தான் தேடி வருகிறது. ஆக, அரிசி வாங்கும்போது அம்மா தலைவி. நிலத்தில் குனிந்து விளைவிக்கும்போது... தள்ளி நில்லுங்க.

இதை வீட்டில் சத்தமாகப் படித்ததுதான் என் பங்கு. மற்றதை அம்மா பார்த்துக்கொண்டார்.

"காட்டுல பாதிய எம்பேருக்கு எழுதுங்க. இல்லீன்னா விவசாயியே போய் வெள்ளாமை பண்ணட்டும். நான் வரலீங்க."

அப்பா முகத்தை நொடித்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர், சோறுகூடக் கேட்கவில்லை. பத்திரம் எழுதுகிறவர் எங்கே இருப்பார் என்றுதான் கேட்டார்.

வருகிற வாரம் பதிவு. அம்மா அன்றைக்குக் கட்டும் சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

நேற்று அப்பா என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏஞ்சாமி, ஊட்டுக்காரனுக்குன்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதான்னு போன்ல பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்... அவசரம் ஒன்றுமில்லை.