அம்மை என்று எழுதிய கடிதம்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் தெருவுக்கே மனு எழுதுகிறவனும் நான்தான். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கு ஒரு கடிதம், எதுவானாலும் ஒரு வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்துவிடுவார்கள். ‘பொருள்’ என்று எழுதி அடியில் கோடு போடும்போது எதிரே இருப்பவர்களின் முகத்தில் பாதி வேலை முடிந்துவிட்ட நிம்மதி தெரியும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

மாமா வந்தபோது நான் காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கண்டனூர்ப் பக்கம் பெரிய வீடுகளில் கல்யாணம் வந்தால் வெள்ளையடிக்கக் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பு படித்தாள்.

“மாப்ள, பிள்ளைக்கி அம்மை போட்டுருக்குப்பா. வாத்தியாரம்மாவுக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடு. ஒரு மாசம் வரமாட்டான்னு போடு.”

“ஒரு மாசமா? மூணு தண்ணி ஊத்திட்டா போயிரலாமே மாமா. பத்தாவதுல்ல.”

“நீ டாக்டருக்கா படிக்கிற? கணக்குத்தான படிக்கிற. எழுதுப்பா.”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். ‘மேற்படி மாணவிக்கு அம்மை நோய் கண்டிருப்பதால்’ என்று தொடங்கி நல்ல கையெழுத்தில் ஒரு பக்கம். மாமா பெருவிரலைத் துணியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தில் ரேகை வைத்தார்.

அம்மை போட்ட வீட்டுக்கு எங்கள் பக்கம் யாரும் போக மாட்டார்கள். வாசலில் வேப்பிலை தொங்கினால் வெளியூர் போய் வந்தவன் அந்தத் தெருவிலேயே ஓரமாகத்தான் நடப்பான். ஆத்தா வந்திருக்கிறாள், தீட்டுப் படக் கூடாது. சாதாரணக் காய்ச்சல் என்று எழுதியிருந்தால் வகுப்பு ஆசிரியை இரண்டு பிள்ளைகளையாவது அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருப்பார். அம்மை என்றதும், “யாரும் அங்குட்டுப் போகாதீங்க, பரிச்சை நேரம்” என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. என் கடிதத்தை நம்பினார்.

ஒரு வாரம் கழித்துச் சைக்கிளில் மாமா வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. நானும் ஓரமாகத்தான் போனேன். அப்போது வெங்காயமும் கடுகும் எண்ணெயில் பொரிகிற வாசம் வந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எங்கள் அம்மா என் தம்பிக்கு அம்மை போட்டபோது இருபது நாள் வெறும் கஞ்சியும் இளநீருமாக வைத்திருந்தாள், பக்கத்து வீட்டுக்காரியையும் தாளிக்க விடவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன்.

மாமா மகள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

“ஏய், உனக்கு அம்மை போட்டுருக்குன்னாக?”

“ஆமா. நீங்கதான எழுதுனீக? என்னயக் கேக்குறீக.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“தையில கல்யாணமாம் அத்தான். சூளையில மேஸ்திரியா இருக்காகளாம். போட்டோல பாத்தேன், மீசை பெருசா இருக்கு.”

“பரிச்சை?”

“அதத்தான் நானும் கேட்டேன். பஸ் ஸ்டாப்புல ஒரு பையன்கூட நின்னு பேசுனேன்னு யாரோ சொல்லிட்டாக. நோட்டு வாங்குனேன் அத்தான், அம்புட்டுத்தான். அப்பாவும் அம்மாவும் காலையில வேலைக்கிப் போனா பொழுது சாயத்தான் வாராக, நான் தனியா இருக்கேன்னு அப்பாவுக்குப் பயம். நீங்க சொன்னாக் கேப்பாரு. படிச்சவுகன்னு உங்க மேல அவருக்கு ஒரு இது இருக்கு. ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான்.”

நான் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை மாமா கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் ஏணிமேல் நின்றிருந்தார். கல்யாணத்துக்காகப் பல வருடம் கழித்துத் திறந்த வீடு. முகப்பில் ஆறேழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் பக்குவம் எனக்கு அப்போது இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்.

“மாமா, அவளுக்குப் பதினஞ்சு வயசுதான். இது தப்பு. சட்டப்படியும் தப்பு.”

மாமா மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். பக்கத்தில் சாரத்தில் நின்றவர்தான் சொன்னார்: “மொறைப்பொண்ணு கை நழுவிப் போகுதுன்னு மாப்ளைக்கி வயித்தெரிச்சல் போலயே!”

“காலேஜுல சட்டமும் சொல்லித் தாராகளோ? தாலி கட்டுற பாடம் எந்த வருசம்ப்பா?” என்றார் இன்னொருவர். முகப்பு முழுக்கச் சிரிப்பு எதிரொலித்தது.

மாமா இறங்கி வந்தார். அவர் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

“சரி. நிறுத்திப்புடுறேன். நீ கட்டிக்கிறியா? மொறைக்காரன் நீ கேட்டா அவுக விட்டுக் குடுத்துருவாக. தையிலயே வச்சுக்குவோம். சொல்லு.”

“நான் அதுக்குச் சொல்லலை மாமா.”

“அப்ப எதுக்குச் சொல்ற?”

எனக்குப் பதில் தெரியும். அவள் குழந்தை, அதற்காகச் சொல்கிறேன். ஆனால் எங்களில் மாமன் மகளைப் பற்றி அத்தை மகன் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கட்டிக்கொள்வதாக இருந்தால் பேசலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு சித்தப்பாவோ, ஒரு அண்ணன் முறைக்காரனோ சொல்லியிருந்தால் அக்கறை என்று எடுத்திருப்பார்கள். நான் சொன்னதால் அது ஆசையாகிவிட்டது. ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் சிந்திய சுண்ணாம்பைப் பார்த்தபடி நின்றேன்.

“போ மாப்ள, காலேஜுக்கு நேரமாச்சு” என்றார் மாமா. அன்பாகத்தான் சொன்னார்.

அன்று மதியம் பேருந்து நிறுத்தத்தில் நின்று போனைக் கையில் எடுத்தேன். குழந்தைகளுக்கான உதவி எண் எனக்கு மனப்பாடம். கல்லூரி முகாமில் மூன்று ஊர்ச் சுவர்களில் அந்த எண்ணை நீல பெயிண்டில் எழுதியவன் நான். சொல்கிறவர் யார் என்று வெளியே தெரிவிக்க மாட்டார்கள் என்பதையும் அந்த முகாமில் ஊராருக்கு நானேதான் விளக்கிச் சொன்னேன். ஆனாலும் காலையில் அத்தனை பேர் முன்னால் பேசியாயிற்று. மாலையில் அதிகாரிகள் வந்தால் யார் சொன்னது என்று தெரியாதா? பொண்ணு கிடைக்காத ஆத்திரத்தில் தாய்மாமனையே காட்டிக் கொடுத்தான் என்பார்கள். அம்மா அண்ணன் வீட்டுப் படி ஏற முடியாது. எண்களை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் துண்டித்தேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கலாம். எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகவேயில்லை.

தையில் குலதெய்வக் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. பெரிய கோயில்களில் வயதுச் சான்று கேட்பார்கள், அதனால். வந்தவர்கள் எல்லாருக்கும் அவள் பத்தாவது படிக்கிறாள் என்று தெரியும். ரவிக்கை தைத்த அக்காவுக்கு அளவெடுத்தபோதே தெரியும். போட்டோ எடுத்தவர், “பள்ளிக்கொடத்துல குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வெறப்பா நிக்காதம்மா, கொஞ்சம் சிரி” என்றார். எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். நான் சாம்பார் வாளி தூக்கினேன். அவளுக்குப் பரிமாற வேண்டி வந்தபோது வாளியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஐப்பசி மழையில் அம்மா கல்லூரிக்குப் போன் செய்தாள். பிள்ளைக்கு எட்டாம் மாசமே வலி வந்துவிட்டது, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், உடனே வா, பேப்பர் எழுத ஆள் இல்லை என்றாள்.

பேப்பர் எழுதத்தான் கூப்பிட்டார்கள். அவள் கர்ப்பத்தை எங்கும் பதிவு செய்யவில்லை. வயது கேட்பார்கள் என்று கிராம செவிலியர் கண்ணில் படாமல் சூளையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. சீட்டுப் போடும் இடத்தில் செவிலியர் படிவத்தை நீட்டினார். மாமா என் காதுக்குள் சொன்னார்: “பத்தொம்போதுன்னு போடு மாப்ள. கை எடுத்துக் கும்பிடுறேன்.”

உள்ளே இருந்து அவள் குரல் கேட்டது. பெரியவர்கள் வலியில் கத்துகிற மாதிரி இல்லை. விழுந்து முழங்காலில் அடிபட்ட பிள்ளை ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிடுமே, அப்படி.

பதினாறு என்று எழுதினேன்.

செவிலியர் படித்தார். என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை முன்னாடியே எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாங்க எம்புட்டோ பாத்திருப்போமேய்யா” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அதற்குப் பிறகு அவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை ஆண். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது.

அத்தை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். “ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொன்னோமே. வராத அம்மைய வந்துச்சுன்னு வேப்பிலை கட்டுனோமே. கேட்டுட்டாளே, ஆத்தா கேட்டுட்டாளே!” இன்றுவரை அத்தை அப்படித்தான் நம்புகிறாள். பங்குனியில் பால்குடம் எடுத்துத் அபராதம்போல் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். ஆத்தா எந்தப் பிள்ளையையும் எடுக்கவில்லை அத்தை, உங்கள் மகளின் உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டால் அவள் யாரைக் குற்றம் சொல்வாள்? மாமாவையா? தன்னையா? என்னையா?

மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் எழுதியது அவளுக்குத் தெரிந்திருந்தது. விசாரிக்க அதிகாரிகள் வந்துபோயிருந்தார்கள்.

“உண்மைய எழுதுனீகளாமே.”

“ஆமா.”

“அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல அத்தான்.”

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத கணக்கைக் கேட்பது போலச் சொன்னாள். அவளுக்கு நான் எத்தனையோ கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஒரு உண்மையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கலாம் என்று பிறகு யோசித்தேன். போன்கூட வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் அந்த ஆசிரியையைப் பார்த்து, ‘டீச்சர், நான் எழுதினது பொய், அவளுக்கு அம்மை இல்லை’ என்று சொல்லியிருந்தால் போதும். மிச்சத்தை அவர் பார்த்திருப்பார். பிள்ளைகளைக் காப்பாற்றுவது என்றால் பெரிய ஆட்கள் செய்கிற பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அளவெடுத்த அக்காவோ, போட்டோ எடுத்தவரோ, சாரத்தில் நின்று சிரித்தவரோ, யாராவது ஒருவர் ஒருதரம் போன் செய்திருந்தால் அவள் பரீட்சை எழுதியிருப்பாள். எல்லாரும் மற்றவர் முகத்தைப் பார்த்தோம். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்போது அப்படி ஒரு வீடு தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள். கெட்ட பெயர் வரும்தான். வரட்டும். நான் கெடாமல் காப்பாற்றிக்கொண்ட நல்ல பெயரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

வழக்கு சிவகங்கையில் நடக்கிறது. மாமாவும் அந்த மேஸ்திரியும் வாய்தாவுக்குப் போய் வருகிறார்கள். அம்மா என்னோடு பேசுவது சாப்பிட்டாயா என்பதோடு சரி. அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள்.

போன வருடம் அவளைத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்க விண்ணப்பம் வாங்கினேன். புகைப்படம் ஒட்ட வேண்டும். காரைக்குடியில் ஸ்டுடியோவில் எடுத்தோம். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“யாரு அத்தான் இது? எங்கம்மா மாதிரி இருக்காக.”

தேர்வு நாளில் வந்தாள். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். தமிழ் முதல் தாள். தேர்வு மையத்து வாசலில் ரெட்டைச் சடை போட்ட பிள்ளைகள் கூட்டமாக நின்று ஒருத்திக்கொருத்தி செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சேலையில் இருந்தாள். ஒரு பிள்ளை அவளைப் பார்த்து, “டீச்சர், மணி அடிச்சிருச்சா?” என்று கேட்டது.

“இன்னும் இல்லம்மா” என்று அவளும் பதில் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, “அத்தான், என்னால முடியல. வீட்டுக்குப் போவோம்” என்றாள். நான் எவ்வளவோ சொன்னேன். உள்ளே போய் உட்கார் போதும், எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். கெஞ்சினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். காவலர் ஒற்றைக் கதவைச் சாத்திவிட்டு, “நீங்க உள்ள வாரீகளா, இல்லையாம்மா?” என்று கேட்டார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். அவர் கொஞ்ச நேரம் மறுகதவைப் பிடித்துக்கொண்டே நின்று பார்த்துவிட்டு அதையும் சாத்தினார்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.